மூன்று ஆண்டுகளாக ஓடாமல் நிற்கும் பழைய ஹைலக்ஸ் கெப்பை வீட்டிலேயே திருத்த முடியுமா? எதிலிருந்து தொடங்க வேண்டும்?

கேள்வி கேட்டவரிடம் 1990களின் தொடக்கத்தில் வந்த ரொயோட்டா ஹைலக்ஸ் டீசல் டபுள் கெப் ஒன்று இருக்கிறது. மூன்று ஆண்டுகளாக அது முற்றத்தில் நிற்கிறது. கராஜில் காட்டியபோது எஞ்சினைப் பிரித்துப் பூட்ட வேண்டும் என்று சொல்லிப் பெருந்தொகை கேட்டிருக்கிறார்கள். வீட்டிலேயே திருத்த முடியுமா, முடியுமென்றால் எங்கிருந்து தொடங்குவது என்பது அவருடைய கேள்வி.

முடியும். ஆனால் எஞ்சினிலிருந்து தொடங்காதீர்கள். எஞ்சினுக்கு என்று எடுத்து வைத்திருக்கும் பணத்தை அப்படியே வைத்துவிட்டு, முதலில் வாகனத்தின் அடியில் படுத்து சசியை, அதாவது முழு வாகனத்தையும் தாங்கும் இரும்புச் சட்டத்தை, பாருங்கள்.

இதை அனுபவத்தில் சொல்கிறேன். என் மாமா விட்டுச்சென்ற 1992ஆம் ஆண்டு ஹைலக்ஸ் ஒன்றை யாழ்ப்பாணத்து வடமராட்சியில் எங்கள் வீட்டு மாமரத்தின் கீழ் பதினான்கு மாதங்கள், பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில், நானும் என் தம்பியுமாகத் திருத்தினோம். 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர், முப்பது வயதான கெப்புக்கும் வாங்க முடியாத விலை சொல்லப்பட்ட காலம் அது. புதிதாக வாங்குவது என்ற வழியே இல்லாதபோதுதான் வீட்டில் நிற்பதன் அருமை எங்களுக்குத் தெரிந்தது.

1988 முதல் 1997 வரை வந்த இந்தத் தலைமுறை ஹைலக்ஸ் வீட்டுத் திருத்தத்துக்கு ஏற்றது. அதில் 2446 கன சென்ரிமீற்றர் கொண்ட, 2எல் என்று பெயரிட்ட டீசல் எஞ்சினோ, 2779 கன சென்ரிமீற்றர் கொண்ட, 3எல் என்று பெயரிட்ட டீசல் எஞ்சினோ இருக்கும். டீசலைப் பங்கிட்டு அனுப்பும் பம்ப் முழுக்க இயந்திர முறையில் வேலை செய்வது. ஓடத் தொடங்கிய பின் அந்த எஞ்சினுக்குத் தேவையான மின்சாரம், பம்ப்பில் டீசலைத் திறந்து வைத்திருக்கும் சொலனொயிட் என்ற சிறு மின்காந்த வால்வுக்கு மட்டுமே. கணினி கொண்டு படித்தறிய வேண்டிய கோளாறு எதுவும் அதில் இல்லை. கண்ணும் காதும் கையும், மில்லிமீற்றர் ஸ்பனர் தொகுதி ஒன்றும், முறுக்கு அளவு காட்டும் ஸ்பனர் ஒன்றும் இருந்தால் பெரும்பகுதி வேலையைச் செய்துவிடலாம்.

மூன்று ஆண்டுகள் நின்ற வாகனத்தில் உடனே சாவியைத் திருப்பிப் பார்க்க வேண்டாம். ஓட்டியவருக்கே நினைவில்லாத காலத்தில் போட்ட, பிஸ்ரனும் வால்வும் நேரம் தவறாமல் இயங்கச் செய்யும் றைமிங் பெல்ற் உள்ளே இருக்கக்கூடும். இந்த எஞ்சின்களில் பெல்ற் அறுந்தால் பிஸ்ரன் மேலே வந்து வால்வில் இடிக்கும். நல்ல எஞ்சின் ஒரு கணத்தில் பிரிக்க வேண்டிய எஞ்சினாகிவிடும். 100,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய பெல்ற் அது. எப்போது மாற்றியது என்று எழுத்தில் இல்லையென்றால் மாற்றவேயில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பிஸ்ரன்கள் சுற்றும் தண்டான கிராங்க், வால்வுகளைத் திறக்கும் தண்டான காம், டீசல் பம்ப் ஆகிய மூன்றின் பற்சில்லுகளிலும் குறிகள் உண்டு. பழைய பெல்ற்றைக் கழற்றுவதற்கு முன்னர் மூன்றையும் நேர்ப்படுத்தி வெள்ளை நிறத்தால் அடையாளம் இடுங்கள். கழற்றியதும் பம்ப்பின் பற்சில்லு தானாகச் சற்றுத் துள்ளி நகரும். பயப்படத் தேவையில்லை, ஸ்பனரால் பிடித்துக் குறிக்குக் கொண்டுவரலாம். புதிய பெல்ற்றோடு அதை இறுக்கிப் பிடிக்கும் உருளையையும் மாற்றுங்கள். பூட்டிய பின் கிராங்க் நட்டில் ஸ்பனரைப் போட்டு எஞ்சினை இரண்டு முழுச் சுற்று கையால் சுற்றி, குறிகள் மூன்றும் மறுபடி பொருந்துகின்றனவா என்று பார்த்த பிறகுதான் ஸ்ராற்றரைத் தொடலாம்.

இனி சசி. கெப் ஒன்றின் ஆயுள் எஞ்சினில் இல்லை, சசியில்தான் இருக்கிறது. எஞ்சினை மாற்றலாம், கியர்ப் பெட்டியை மாற்றலாம். சசி இற்றுப்போனால் அந்த வாகனம் முடிந்தது. கடலிலிருந்து வீசும் உப்புக்காற்றும், மாரியில் ஒழுங்கைகளில் நிற்கும் வெள்ளமும் சேர்ந்து இங்கே இரும்பைத் தின்கின்றன. வெளிப்புறத்தில் தெரிவது அதில் கொஞ்சம்தான். பெட்டிபோல் மூடிய சசிப் பகுதிக்குள் சேற்று மண் போய் அடைந்து, ஈரத்தை ஆண்டு முழுவதும் பிடித்து வைத்துக்கொண்டு உள்ளிருந்து அரிக்கும்.

நாங்கள் சோதித்த முறை மிக எளியது. சிறு சுத்தியல் ஒன்றை எடுத்து, முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போனோம். நல்ல இரும்பு கோவில் மணியைப் போல் ஓசை தரும். இடதுபக்கப் பின் அச்சுக்கு மேலே, சசி வளைந்து ஏறும் இடத்தில், அந்த ஓசை சட்டென்று நின்று, ஈர மண்சுவரில் தட்டியது போல் ‘பொத்’ என்று கேட்டது. கம்பித் தூரிகையால் தேய்த்தபோது கறுப்பு நிறப்பூச்சின் கீழிருந்து துரு அப்பளம் போல் படை படையாகக் கழன்று விழுந்தது. ஐந்தாவது படைக்குப் பிறகு தம்பியின் விரல் உள்ளே போனது. வெளியே வந்த மண்ணில் சிறு சிப்பி ஓடுகள் கிடந்தன. மாமா கடற்கரை மணலில் இறக்கி ஓட்டியதன் மிச்சம் அது. முன்னர் யாரோ அந்த இடத்தில் ஓட்டையின் மேல் பட்டி பூசி, கறுப்பு நிறம் அடித்து மறைத்திருந்தார்கள். பாரம் ஏற்றிப் போகிறவரின் உயிர் அந்த இடத்தில் தங்கியிருக்கிறது என்பதை நினைக்கையில் இன்றும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

இப்படிப்பட்ட இடத்தில் மேலே தகடு ஒட்டுவது வேலையல்ல. நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்து, சசியின் தடிப்புக்குக் குறையாத தகட்டை வைத்து, ஒட்டின் முனைகள் நேர்குத்தாக இல்லாமல் சரிவாக அமையும்படி வெல்டிங் செய்ய வேண்டும். நேர்குத்தான ஒட்டு, பாரம் ஏறி இறங்கும்போது அதே கோட்டில் வெடிக்கும். இந்த ஒரு வேலையை நாங்கள் செய்யவில்லை. கைதேர்ந்த வெல்டர் ஒருவரை வீட்டுக்கு அழைத்தோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள். வெல்டிங்குக்கு முன்னர் பற்றறி வயர்கள் இரண்டையும் கழற்றுங்கள், இல்லையென்றால் பற்றறிக்கு மின்னேற்றும் ஒல்ரனேற்றர் பழுதாகலாம். சசி இலக்கம் பொறித்த இடத்தில் வெட்டவோ அரைக்கவோ கூடாது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவோடு அந்த இலக்கம் பொருந்தாமல் போனால் செய்த வேலை எல்லாம் வீண்.

ஒட்டிய பின்னர் சசியின் அடைபட்ட வடிதுளைகளைத் திறந்து, உள்ளே தண்ணீர் பாய்ச்சிக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, துருத்தடுப்பு மெழுகை நீண்ட குழாயால் உட்புறம் விசிறுங்கள். கழிவு ஒயிலை அடியில் அடிக்கும் வழக்கம் நம் ஊரில் பரவலாக உண்டு. அது இறப்பர் புஷ்களை ஊதவைத்துக் கெடுக்கிறது. அதைவிட முக்கியமானது, சொட்டுகிற ஒயில் போய்ச் சேரும் இடம். குடாநாட்டின் நன்னீர் முழுவதும் காலடிச் சுண்ணாம்புக் கல்லில்தான் இருக்கிறது. சுன்னாகப் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்தது பற்றி எழுந்த அச்சத்தைப் பார்த்த பின்னரும் முற்றத்து மண்ணில் ஒயிலை ஊற்ற எனக்கு மனம் வராது. கழிவு ஒயிலைக் கானில் சேர்த்து, எடுப்பவர்களிடம் கொடுங்கள்.

அடியில் படுக்கும்போது ஜக்கை மட்டும் நம்ப வேண்டாம். சீமெந்துக் கல்லை அடுக்கி வைப்பது அதைவிட ஆபத்து. அது வெடிப்பதற்கு முன் அறிகுறி எதுவும் காட்டாது. இரும்புத் தாங்கிகளை வாங்குங்கள்.

பிறேக்கில் ரப்பர்கள், குழாய்கள், எண்ணெய் எல்லாவற்றையும் கேள்வியின்றி மாற்றுங்கள். பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். மூன்று ஆண்டுகள் நின்ற வாகனத்தின் உருளைகள் உட்புறம் துருப்பிடித்திருக்கும். பின் அச்சுக்கும் சசிக்கும் நடுவில் ஒரு கம்பியோடு இணைந்த சிறு வால்வ் இருக்கும். பாரத்துக்கு ஏற்பப் பின் பிறேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பது அது. பெரும்பாலான பழைய ஹைலக்ஸ்களில் அது இறுகிக் கிடக்கும், ஒருவரும் கவனிப்பதில்லை. கம்பியைக் கையால் அசைத்துப் பாருங்கள்.

அடுத்தது தண்ணீர். இந்த எஞ்சின்களில் பலவற்றைக் கொன்றது கிலோமீற்றர் அல்ல, சூடுதான். யாழ்ப்பாணத்தில் தேநீர்க் கேத்தலின் உட்புறத்தைப் பார்த்த எவருக்கும் றேடியேற்றருக்குள் என்ன நடந்திருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. முப்பது ஆண்டுகளாகக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றிய எங்கள் றேடியேற்றரின் குழாய்களில் பாதி வெள்ளைப் படிவால் மூடிக் கிடந்தன. கழற்றி எடுத்து, வெந்நீரில் கரைத்த சிற்றிக் அமிலத்தை நிரப்பி ஓரிரவு வைத்தோம். தேசிக்காய் கேத்தலுக்குச் செய்வதை அது இங்கே செய்தது. பிறகு அப்பச்சோடாக் கரைசலாலும் நல்ல தண்ணீராலும் பலமுறை கழுவினோம். எஞ்சினுக்குள் இந்த அமிலத்தை நெடுநேரம் விடக் கூடாது. அதன்பின் வடித்த நீரும் கூலன்றும் சரிபாதியாகக் கலந்து ஊற்றியிருக்கிறோம். கிணற்றுத் தண்ணீர் அதன்பிறகு உள்ளே போகவில்லை.

எங்கள் வாகனத்தில், சூட்டுக்கு ஏற்பத் தண்ணீரின் வழியைத் திறந்து மூடும் வால்வான தேர்மோஸ்ரற்றே இல்லை. சூடேறுகிறது என்று யாரோ அதைக் கழற்றி எறிந்திருந்தார்கள். இது நம் ஊர்க் கராஜ்களில் இன்றும் வேரூன்றியிருக்கும் தவறான நம்பிக்கை. இந்த எஞ்சினின் தேர்மோஸ்ரற் றேடியேற்றருக்குப் போகும் வழியைத் திறப்பதோடு நிற்பதில்லை. சூடான பின், எஞ்சினுக்குள்ளேயே சுற்றிவரும் குறுக்கு வழியை அது அடைக்கிறது. அதைக் கழற்றினால் குறுக்கு வழி எப்போதும் திறந்தே கிடக்கும். சுடுநீரில் ஒரு பகுதி றேடியேற்றரைப் பார்க்காமலேயே சுற்றும். சமதரையில் தெரியாத சூடு, பாரத்தோடு ஏற்றம் ஏறும்போது தெரியும். அப்போது சிலிண்டர் ஹெட் வெடித்திருக்கும்.

டீசல் பற்றி ஒன்று. தொண்ணூறுகளில், போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது, சில துளி பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டிய ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் கார்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அந்த நினைப்பில் டீசலிலும் மண்ணெண்ணெய் கலக்கலாம் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஹைலக்ஸின் பம்ப்புக்கு உள்ளே தனி ஒயில் கிடையாது. ஓடுகிற டீசல்தான் அதற்கு மசகு. மண்ணெண்ணெயில் அந்த வழுவழுப்பு இல்லாததால் பம்ப் தேய்ந்துபோகும். நின்ற வாகனத்தின் ராங்கியில் உள்ள பழைய டீசலையும் முழுக்க வடித்துவிடுங்கள். எங்களுடையதில் அடியில் ஒரு போத்தல் தண்ணீரும், மூக்குச் சளி போன்ற கரும்பாசியும் இருந்தன. புதிய பில்ற்றர் போட்டு, அதன் மேலுள்ள கைப்பம்ப்பை அது கெட்டியாகும்வரை அமுக்குங்கள். எவ்வளவு அமுக்கியும் கெட்டியாகாவிட்டால் எங்கோ காற்று இழுக்கிறது. பெரும்பாலும் அந்தக் கைப்பம்ப்பின் இறப்பரேதான்.

இவ்வளவும் முடிந்த பின்னர் எஞ்சினைக் கிளப்புங்கள். காலையில் முதல் அரை நிமிடம் வெள்ளைப் புகை, அதில் டீசல் மணம் என்றால், கிளப்புவதற்கு முன் எஞ்சினின் உட்புறத்தைச் சூடாக்கும் ஹீற்றர் பிளக்குகளைச் சோதியுங்கள். வாங்கும்போது பழைய பிளக்கில் உள்ள இலக்கத்தைப் பார்த்து வாங்குங்கள், பற்றறி 12 வோல்ற் என்றாலும் எல்லா எஞ்சினிலும் பிளக்குகள் ஒன்றல்ல. பாரத்தில் கறுப்புப் புகை என்றால் முதலில் காற்று பில்ற்றர், பிறகு எஞ்சினுக்குள் டீசலை விசிறும் நொசில்கள். ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் எடுப்பதற்கு முன்னர் புகைச் சோதனையில் தேற வேண்டியிருப்பதால் நொசில்களை எப்படியும் ஒருமுறை சோதனை மேசையில் பார்ப்பது நல்லது. நிறம் அடிப்பதை எல்லாவற்றுக்கும் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் கெப் ஓராண்டு துருத்தடுப்புப் பூச்சின் செந்நிறத்திலேயே ஓடியது.

கராஜில் சொன்னதுபோல் எஞ்சினைப் பிரிக்கத்தான் வேண்டுமா என்பதற்கு இப்போது வருகிறேன். புதிய ஒயிலோடு ஆயிரம் கிலோமீற்றர் ஓட்டுங்கள். ஊற்றிய ஒயில், கூலன்ற், டீசல் ஆகியவற்றின் அளவை ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி வாருங்கள். இரவு முழுவதும் ஆறிய எஞ்சினின் றேடியேற்றர் மூடியைத் திறந்துவிட்டுக் கிளப்பிப் பாருங்கள். தண்ணீரில் விடாமல் குமிழி வந்தால் ஹெட் அல்லது அதன் கஸ்கெற் போயிருக்கிறது. அப்போது ஹெட்டை மட்டும் இறக்கினால் போதும். நீலப்புகை நிற்காமல் வந்து, ஒயில் கண்முன்னே குறைந்து, நான்கு சிலிண்டர்களின் அழுத்தத்தை அளக்கும்போது ஒன்று மற்றவற்றைவிட வெகுவாகத் தாழ்ந்திருந்தால், கராஜ்காரர் சொன்னது சரி, எஞ்சினைப் பிரிக்கத்தான் வேண்டும். எங்களுடையதிலும் பிரித்துப் பூட்ட வேண்டும் என்றுதான் சொன்னார்கள். பெல்ற், தேர்மோஸ்ரற், இரண்டு ஹீற்றர் பிளக், நொசில் சுத்திகரிப்பு ஆகியவற்றோடு அந்த எஞ்சின் இன்றுவரை திறக்கப்படாமல், 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை ஒயில் மாற்றி, கிழமையில் மூன்று நாள் மரக்கறி மூட்டைகளோடு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் போய் வருகிறது.