ஒரே வீட்டில் நான்கு விதமான கடவுள்: மகளுக்கு என்ன சொல்வது?

கேள்வி: என் மாமியாருக்குக் குலதெய்வமான கருப்பசாமிதான் எல்லாம். என் கணவர் வள்ளலார் வழியைப் பின்பற்றுபவர். கடவுள் ஒளி வடிவானவர், சிலையும் படையலும் வேண்டாம் என்பார். மாசி சிவராத்திரிக்குக் குலதெய்வக் கோயிலில் கிடாய் வெட்டுவதால் அங்கே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். கல்லூரியில் படிக்கும் மகன் கடவுளே இல்லை என்கிறான். நான் முருகன் படத்துக்கு விளக்கேற்றிக் கும்பிடுகிறவள். ஆறாம் வகுப்பு படிக்கும் மகள், "நீங்க எல்லாரும் ஒரே சாமியத்தான் கும்பிடுறீங்களா? இதுல எதும்மா நிஜம்?" என்று கேட்கிறாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. என் வழிபாடுதான் தாழ்ந்ததோ என்ற ஐயமும் வந்துவிட்டது.
— ஒரு வாசகி, சிவகங்கை மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

"எல்லாம் ஒரே சாமிதான்" என்று சொல்லி மகளின் கேள்வியை முடித்துவிடாதீர்கள். அது நல்லெண்ணத்தில் பிறக்கிற பதில்தான்; "ஒன்றே குலமும் ஒருவனே தேவனும்" என்ற திருமூலர் வாக்கும் நம் நாவில் பழகிப்போயிருக்கிறது. ஆனால் அந்தப் பதிலை உங்கள் மாமியாரும் ஏற்கமாட்டார், கணவரும் ஏற்கமாட்டார். அவர்கள் ஏற்காத ஒன்றை அவர்கள் சார்பில் குழந்தைக்குச் சொல்வது முறையல்ல. வேறுபாடு இருப்பதை அவள் கண்டுகொண்டாள். அவள் கண்டது உண்மைதான் என்பதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள்.

உங்கள் மாமியாரின் கருப்பர் உலகைப் படைத்தவரா என்ற கேள்வி அவருக்கு எழுந்தே இருக்காது. ஊர் எல்லையில் அரிவாளோடு நிற்கும் காவல்காரர் அவர். வீட்டுப் பெரியவரைப் போல உரிமையோடு நேர்த்திக்கடனைக் கேட்பார், சாமியாடியின் மேல் இறங்கி வாக்குச் சொல்வார். பிழைப்புக்காக ஊர் மாறிப் போன குடும்பங்கள் பழைய கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துப்போய்ப் புதிய இடத்தில் அவரை நிலைநிறுத்தியிருக்கின்றன. தென்மாவட்டங்களில் இப்படிக் கும்பிடப்படும் தெய்வங்களில் பலர், அநியாயமாகக் கொல்லப்பட்ட மனிதர்கள் என்று அந்தந்தக் கோயில் கதைகளே சொல்கின்றன. இந்தக் கடவுளிடம் அழலாம், சண்டையும் போடலாம். இதைப் படிப்பறிவில்லாதவர்களின் நம்பிக்கை என்று ஒதுக்குவோர், ஒரு குடும்பம் தன் முன்னோரையும் தன் மண்ணையும் தனக்கு இழைக்கப்பட்ட அநீதியையும் தலைமுறை தலைமுறையாக நினைவில் வைத்திருக்கும் வழியாகவும் இது இருப்பதைப் பார்க்கத் தவறுகிறார்கள்.

கணவரின் மறுப்பைப் பிடிவாதம் என்று நினைத்துவிட வேண்டாம்; அதற்கு ஆழமான வேர் இருக்கிறது. வள்ளலார் 1867-இல் வடலூரில் தருமச்சாலையைத் தொடங்கிப் பசித்தவர்களுக்குச் சோறிட்டார். 1872-இல் சத்திய ஞான சபையைக் கட்டினார். அங்கே தைப்பூசத்தன்று ஏழு திரைகளையும் நீக்கிக் காட்டப்படுவது ஓர் ஒளி, உருவம் எதுவுமில்லை. உயிர்களிடம் இரங்குவதே இறைவனை அடையும் வழி என்பது அவருடைய கொள்கையின் உயிர்நாடி என்பதால்தான், கொலையும் புலாலும் தவிர்த்தவர்களே உள்ளே வரலாம் என்ற விதி அந்தச் சபைக்கு உண்டு. அந்த வழியில் வந்தவரைக் கிடாய் வெட்டும் இடத்தில் வந்து நில்லுங்கள் என்று கேட்பது சிறிய விஷயமல்ல.

அதே வள்ளலார்தான் இளமையில் சென்னைக் கந்தகோட்டத்து முருகனை உருகி உருகிப் பாடியவர். பிற்காலத்தில், 1873-இல் மேட்டுக்குப்பத்தில் ஆற்றிய பேருபதேசத்தில், தமக்கு முன்பு சைவ சமயத்தில் அளவற்ற பற்று இருந்ததாகவும், அப்போதிருந்த அறிவு சிறிது என்பதாலேயே அப்படி இருந்ததாகவும் அவரே சொன்னார். உங்கள் கணவர் இதை எடுத்துக்காட்டி, "பார், உருவ வழிபாடு கீழ்ப்படிதான்" என்று சொல்லக்கூடும். வள்ளலார் கடந்து வந்த பாதை அது என்பதில் எனக்கு மறுப்பில்லை. எல்லோருக்கும் அதுவே பாதை என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

ஏனென்றால் அப்பர் இருக்கிறார். விறகில் தீ போலவும் பாலில் நெய் போலவும் மறைந்து நிற்பவன் இறைவன் என்று பாடியவர் அவர். கண்ணுக்குத் தெரியாத கடவுளை இதைவிடத் தெளிவாகச் சொன்னவர்கள் குறைவு. அவரே கையில் உழவாரப் படையோடு ஊர் ஊராகச் சென்று, கோயில் பிராகாரங்களில் மண்டிக்கிடந்த புல்லைச் செதுக்கினார். மறைந்து நிற்பவன் என்று அறிந்த பிறகும் அவருக்குக் கோயில் தேவைப்பட்டது. சிதம்பரத்துச் சிற்சபையில் ஆடும் நடராசரின் உருவமும், உருவென்றும் அருவென்றும் சொல்ல முடியாத படிக லிங்கமும், திரைக்குப் பின்னால் பொன் வில்வ மாலை தொங்கும் வெறும் வெளியும் ஒரே இடத்தில், ஒரே பூசகரின் கையால் வழிபடப்படுகின்றன. உருவத்தைத் தொடக்கப் பள்ளி என்றும் அருவத்தை மேற்படிப்பு என்றும் வைத்துப் பேசுகிற பழக்கம் இந்தக் காட்சியோடு பொருந்தவில்லை. வைணவத்தில் பொய்கையாழ்வார் இன்னும் ஒருபடி மேலே போய், அடியவர்கள் எந்த உருவத்தை விரும்புகிறார்களோ அதுவே அவனுடைய உருவம் என்றார். ஆகவே, சகோதரி, உங்கள் முருகன் படத்தையும் விளக்கையும் பற்றி நீங்கள் கூச்சப்பட வேண்டிய அவசியமே இல்லை.

இந்த இணக்கத்தையும் எல்லா இடத்துக்கும் நீட்டிவிடக் கூடாது. இறைவனுக்கு உருவம் கற்பிக்கக் கூடாது என்பது இஸ்லாத்தின் அடிப்படை. கடவுள் ஒரு முறை மனிதனாகவே பிறந்தார் என்பது கிறித்தவத்தின் அடிப்படை. இரண்டையும் ஒன்றென்று சொல்வது இருவரையும் கேட்காமல் எடுக்கிற முடிவு.

மகனைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். கடவுள் இல்லை என்பது இந்த மண்ணில் பெரியாரோடு தொடங்கிய பேச்சும் அல்ல. விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதிகளில் இன்றும் வாழும் தமிழ்ச் சமணர்கள், உலகைப் படைத்த கடவுள் என்று ஒருவர் உண்டென்பதை ஏற்பதில்லை. ஆனாலும் தீர்த்தங்கரர்களை வணங்குகிறார்கள், நோன்பிருக்கிறார்கள், உயிர்க்கொலையை அஞ்சி விலக்குகிறார்கள். படைத்தவன் இல்லை என்று சொல்பவன் ஒழுக்கத்தைக் கைவிட்டுவிட்டான் என்று பொருளல்ல. அவன் நெற்றியில் வலிந்து திருநீறு பூசாதீர்கள். அப்பத்தாவின் பக்தியைக் கேலி செய்யக் கூடாது என்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

சிவராத்திரிப் பயணத்துக்கு ஒரு வழி அந்தக் கோயில்களிலேயே இருக்கிறது. அய்யனாரும் கருப்பரும் ஒரே வளாகத்தில் இருக்கும் பல கோயில்களில் அய்யனாருக்குப் பொங்கலும் பழமுமாகச் சைவப் படையல்தான். கருப்பருக்குக் கிடாய் வெட்டும் நேரத்தில் அய்யனார் சந்நிதியில் திரை போட்டுவிடுவார்கள். இரத்தத்தைக் காண விரும்பாத தெய்வத்துக்கும் பலி ஏற்கும் தெய்வத்துக்கும் ஒரே வளாகத்தில் இடம் கொடுத்த நம் முன்னோர், உங்கள் வீட்டுச் சிக்கலை எப்போதோ சந்தித்திருக்கிறார்கள். உங்கள் குலதெய்வக் கோயிலிலும் இந்த வழக்கம் இருந்தால், கணவர் உடன் வந்து அய்யனாருக்குப் பொங்கல் வைத்துவிட்டுப் பலி நேரத்தில் வெளியே இருக்கலாம். கறிச்சோற்றுப் பந்தியில் உட்காரும்படி யாரும் அவரை வற்புறுத்தக் கூடாது. நேர்த்திக்கடன் மாமியாருடையது, அதைக் குழந்தைகள் முன்னால் குறைசொல்லக் கூடாது. இதை நீங்கள் இருவரிடமும் தனித்தனியாகப் பேசுங்கள். அப்படியும் கணவர் மனம் ஒப்பாவிட்டால், அந்த ஒரு நாள் அவர் வீட்டிலேயே இருந்துகொள்ளட்டும். மாமியாரை அழைத்துக்கொண்டு நீங்கள் போய்வாருங்கள்.

இனி மகளின் கேள்வி. அப்பத்தாவிடமும் அப்பாவிடமும் அண்ணனிடமும் தனித்தனியாகப் போய், "உங்க சாமி எப்படி?", "ஏன் இல்லேங்கிற?" என்று அவளையே கேட்கச் சொல்லுங்கள். உங்களிடம் வரும்போது, விளக்கேற்றும் நேரத்தில் உங்கள் மனத்தில் என்ன நிகழ்கிறது, யாரிடம் பேசுவதாக நினைக்கிறீர்கள் என்பதை உங்கள் சொற்களிலேயே சொல்லுங்கள். எது நிஜம் என்று மறுபடியும் கேட்டால், "எனக்கு முருகன் நிஜம், அண்ணனுக்கு அப்படி இல்லை, இதில் யார் சொல்வது சரி என்று உனக்கு நிரூபித்துக் காட்ட என்னால் முடியாது" என்று உள்ளபடி சொல்லலாம். பதினொரு வயதுப் பிள்ளைக்கு அந்த விடை தாங்கக்கூடியதுதான். அதன் பிறகு சில மாதம் அண்ணன் பேச்சைக் கேட்டு விளக்கருகே வராமல் இருந்தாலும், அப்பாவோடு வடலூருக்குப் போக ஆசைப்பட்டாலும், அப்பத்தாவோடு சாமியாடியிடம் குறி கேட்கப் போய் நின்றாலும் தடுக்காதீர்கள்.