தேடியும் கிடைக்காத விடைகள் – வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பல ஒரே மனக்குறையைச் சொல்கின்றன. இணையத்தில் தமிழர்கள் ஒருவரையொருவர் கேட்டும் பதில் சொல்லியும் வைத்திருக்கும் கலந்துரையாடல் தளங்களில் தமக்கு வேண்டியது எங்கோ இருக்கிறது என்று தெரிந்தும், தேடினால் அது கையில் சிக்குவதில்லை என்பதே அந்தக் குறை. அவற்றிலிருந்து ஐந்து கேள்விகளை எடுத்துக்கொண்டு விடை எழுதுகிறேன்.

கேள்வி (பொள்ளாச்சி அருகிலிருந்து ஒரு வாசகர்): எங்கள் தோப்பில் தென்னை ஓலைகள் கரி பூசினாற்போல் ஆகிவிட்டன. விவசாயிகள் பேசிக்கொள்ளும் தளம் ஒன்றில் 'தென்னை மரம் ஓலை ஏன் கறுப்பாகிறது' என்று தேடினேன். உருப்படியாக ஒன்றும் கிடைக்கவில்லை. அதே தளத்தில் பக்கத்துத் தோட்டத்துக்காரர் சில நிமிடங்களில் விடையை எடுத்துக் காட்டினார். நான் எங்கே பிழை செய்தேன்?

பதில்: நீங்கள் உங்கள் மனத்தில் எழுந்த கேள்வியை அப்படியே தேடல் பெட்டியில் எழுதினீர்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரர், பதில் சொன்னவர் என்ன சொல்லைப் பயன்படுத்தியிருப்பார் என்று யோசித்து அதை எழுதியிருப்பார். இந்த வேறுபாட்டைத்தான் இன்றைய விடைகள் அனைத்திலும் வலியுறுத்த விரும்புகிறேன்.

உங்கள் தோப்பில் நடந்திருப்பது பெரும்பாலும் இதுதான். ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ என்னும் பூச்சி 2016ஆம் ஆண்டு இந்தியாவில் முதன்முதலாக உங்கள் பொள்ளாச்சிப் பகுதியிலேயே கண்டறியப்பட்டு, பின்னர் மற்ற தென்னை மாவட்டங்களுக்கும் பரவியது. அது ஓலையின் அடிப்பக்கத்தில் அமர்ந்து சாற்றை உறிஞ்சி, தேன் போன்ற பிசுபிசுப்பான கழிவை வெளியேற்றுகிறது. அக்கழிவு கீழடுக்கில் உள்ள ஓலைகளின் மேல் சொட்ட, அதன்மேல் கரும்பூசணம் வளர்கிறது. கண்ணுக்குத் தெரியும் கறுப்பு பூசணத்தினுடையது. அதற்குக் காரணமான பூச்சியோ மேலே, நீங்கள் பார்க்காத பக்கத்தில் இருக்கிறது. ஆகவே விவரம் அறிந்தவர் எழுதிய பதிலில் 'வெள்ளை ஈ' என்ற சொல்லும் 'கரும்பூசணம்' என்ற சொல்லும் கட்டாயம் இருக்கும். 'ஏன் கறுப்பாகிறது' என்ற தொடர் இருக்கவேண்டிய அவசியமே இல்லை.

நோயின் பெயரே தெரியாதபோது அந்தச் சொற்களை எப்படி எழுதுவது என்று நீங்கள் கேட்கலாம். முதல் தேடலை விடை காண்பதற்காகச் செய்யாமல், ஒரு சொல்லைப் பிடிப்பதற்காக மட்டும் செய்யுங்கள். 'தென்னை ஓலை கரி' என்று மூன்றே சொற்களை இட்டால், 'ஓலையெல்லாம் கரி புடிச்ச மாதிரி இருக்கு' என்று யாரோ பேச்சுவழக்கில் கேட்ட கேள்வி அகப்படக்கூடும். அதன் கீழே ஒருவர் 'வெள்ளை ஈ' என்று எழுதியிருப்பார். அச்சொல்லை வைத்து இரண்டாம் முறை தேடினால் 'மஞ்சள் ஒட்டும் பொறி', 'என்கார்சியா ஒட்டுண்ணி', 'மைதா கரைசல்' என்று மேலும் சொற்கள் கிடைக்கும். அவற்றை வைத்துத் தேடும்போதுதான், செய்து பார்த்தவர்களின் அனுபவங்களுக்கு வந்து சேர்வீர்கள்.

உங்கள் தேடலில் இன்னும் இரண்டு தடைகள் இருந்தன. கறுப்பு என்று வல்லின றகரம் இட்டு எழுதுவோரும், கருப்பு என்று இடையின ரகரம் இட்டு எழுதுவோரும் தமிழில் இருக்கிறார்கள். ஒன்றைத் தேடினால் மற்றொன்று வராது. 'மரம்' என்ற சொல்லோ அதைவிடப் பெரிய தடை. வேற்றுமை உருபு ஏறியவுடன் அது 'மரத்தில்', 'மரத்துக்கு', 'மரங்களை' என்று மாறிவிடுவதால், எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்கும் தளங்களில் 'மரம்' என்ற தேடல் அவற்றையெல்லாம் தவறவிடும். 'மர' என்று சுருக்கினால் மரபும் மரணமும் வந்து நிற்கும். 'தென்னை', 'ஓலை' போன்ற சொற்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. உருபு ஏறினாலும் அவற்றின் முற்பகுதி மாறாமல் நிற்கிறது. ஆதலால் தேடலுக்குச் சொல் பொறுக்கும்போது, உருபேற்றாலும் உருக்குலையாத சொல்லாகப் பார்த்துப் பொறுக்குங்கள். 'ஏன்', 'எப்படி' போன்ற வினாச் சொற்களை விட்டுவிடுங்கள்.

கேள்வி (மதுரையிலிருந்து ஓர் ஆசிரியை): திரையில் ஒரு சொல் என் கண்முன்னே இருக்கிறது. அதையே தட்டச்சு செய்து தேடினால் 'முடிவுகள் இல்லை' என்று வருகிறது. கணினியில் கோளாறா?

பதில்: கணினியில் கோளாறில்லை, அம்மையீர். நீங்கள் பார்க்கும் சொல்லும் நீங்கள் தட்டச்சு செய்த சொல்லும் கண்ணுக்கு ஒன்றாகவும் கணினிக்கு வேறாகவும் இருக்கின்றன.

நானும் இதில் வெகுநாள் அலைந்திருக்கிறேன். ஒரு நாளிதழின் பழைய பக்கங்களில் நான் முன்பு படித்த கட்டுரை ஒன்றை 'ஆசிரியர்' என்ற சொல்லை வைத்து ஒரு மாலை முழுவதும் தேடியும் கிடைக்கவில்லை. பிறகு வேறு வழியாக அக்கட்டுரைக்குப் போய், அதிலிருந்த அதே சொல்லைப் படியெடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டியபோது, அது போன்ற பக்கங்கள் வரிசையாக வந்தன. அங்கே 'ஆசிரியர்' என்று இருக்கவில்லை. 'ஆசிரியா்' என்று இருந்தது. முதலாவதில் கடைசி எழுத்து ரகர மெய். இரண்டாவதில் அந்த இடத்தில் இருப்பது துணைக்காலும் அதன் தலையில் ஒரு புள்ளியும். பழைய எழுத்துருக்களில் ரகர மெய்யைத் துணைக்காலும் புள்ளியுமாகத் தட்டச்சு செய்யும் வழக்கம் இருந்தது. அந்தப் பழக்கமும், அவ்வாறு எழுதியவற்றை இன்றைய பொதுக் குறியேற்றமான ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாற்றிய முறையும் சேர்ந்து, 'அவா்', 'தமிழா்', 'மாணவா்' என்று இன்றுவரை இணையத்தில் ஏராளமாக விட்டுச் சென்றிருக்கின்றன. பல எழுத்துருக்களில் இரண்டையும் கண்ணால் பிரித்தறிய முடியாது.

ஔகாரமும் இப்படித்தான். 'கௌரவம்' என்பதைச் சரியாக எழுதினால் ககரத்துடன் ஔகாரக் குறி ஒன்று சேரும். பலர் ஒற்றைக் கொம்பையும் ளகரத்தையும் தனித்தனியே தட்டி 'கெளரவம்' என்று எழுதிவிடுகிறார்கள். 'ஔவை', 'ஒளவை' ஆகியவற்றுக்கும் அதே கதி. பெரிய தேடுபொறிகள் இத்தகைய வேறுபாடுகளை ஓரளவு சமாளிக்கின்றன; தளங்களுக்குள்ளேயே இருக்கும் சிறிய தேடல் பெட்டிகள் பெரும்பாலும் சமாளிப்பதில்லை. சந்தேகம் வந்தால், அந்தத் தளத்திலிருந்தே ஒரு சொல்லைப் படியெடுத்து ஒட்டித் தேடிப் பாருங்கள். அப்போது கிடைத்தால் பிழை எழுத்துகளில்தான் இருக்கிறது என்று உறுதியாகிவிடும்.

தாங்கள் தமிழாசிரியை என்பதால் மற்றொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். 'அரசுப் பள்ளி', 'அரசுப்பள்ளி', 'அரசு பள்ளி' என்ற மூன்றும் தேடலில் மூன்று வேறு பொருள்கள். ஒற்று மிகுமிடம் நமக்குத் தெரியும் என்பதற்காக எல்லோரும் ஒற்றிட்டு எழுதியிருப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. பழம்பாடல்களில் இது இன்னும் கூடுதலாகத் தொல்லை தரும். குறுந்தொகையின் 40ஆம் பாடலை 'யாராகியர்' என்று தேடினால் பல பதிப்புகள் வராமற்போகும். சீர் பிரித்து அச்சிட்டவர்கள் 'யாரா கியரோ' என்று இரண்டாக வெட்டியிருப்பார்கள். சீர் எல்லையில் உடையாத சொல்லாகிய 'செம்புல' என்பதை இட்டால் பாடல் உடனே வரும்.

கேள்வி (டொராண்டோவிலிருந்து ஒரு வாசகர்): 2003 வாக்கில் யாகூ குழுமம் ஒன்றில் மரபுக் கவிதை பற்றி நாங்கள் நண்பர்கள் நீண்ட விவாதம் நடத்தினோம். இப்போது எந்தத் தேடலிலும் அது வருவதில்லை. மீட்க வழி உண்டா?

பதில்: தங்கள் வருத்தம் எனக்கும் உண்டு. மரத்தடி, ராயர் காபி கிளப், அகத்தியர் போன்ற குழுமங்களில் தமிழ் இணையத்தின் முதல் தலைமுறை எழுதிப் பழகியது. யாகூ நிறுவனம் 2019 டிசம்பரில் குழுமங்களின் பழைய மடல்களை அகற்றியது. 2020 டிசம்பரில் அச்சேவையையே மூடிவிட்டது. எனவே எந்தத் தேடுபொறியிலும் அவை அந்த முகவரியில் அகப்படா.

ஆயினும் முயன்று பார்க்க இடமிருக்கிறது. அமெரிக்காவில் 1996இல் தொடங்கப்பட்ட இணைய ஆவணகம் என்னும் அமைப்பு, இணையப் பக்கங்களின் படிகளை நாள்வாரியாகச் சேமித்து, 2001 முதல் வேபேக் மெஷின் என்ற பெயரில் பொதுமக்களுக்குத் திறந்து வைத்திருக்கிறது. அங்கே சொல்லை வைத்துத் தேடுவதைவிடப் பக்கத்தின் முகவரியை வைத்துத் தேடுவதே பயன் தரும். ஆதலால் தங்கள் குழுமத்தின் பழைய முகவரியைப் பழைய மின்னஞ்சல்களின் அடியில் தேடி எடுங்கள். அம்மின்னஞ்சல்களே இன்னும் பெரிய புதையல். குழும மடல்களை அஞ்சலில் பெறும்படி அமைத்துக்கொண்ட நண்பர் ஒருவர் பழைய கணக்கை இன்னும் மூடாமல் வைத்திருந்தால், விவாதம் முழுவதும் அவருடைய அஞ்சல் பெட்டியில் உறங்கிக்கொண்டிருக்கலாம். முதலில் நண்பர்களுக்கு எழுதிக் கேளுங்கள்.

கிடைத்த மடல், மேலே புள்ளியும் கோடும் இட்ட உரோமன் எழுத்துகளாகத் தெரிந்தால் அஞ்சவேண்டாம். அக்காலத்தில் பலர் திஸ்கி என்ற குறியேற்றத்தில் எழுதினார்கள். அந்த எழுத்துகளை அப்படியே படியெடுத்து, பொங்குதமிழ் போன்ற எழுத்துரு மாற்றியில் இட்டால் ஒருங்குறித் தமிழாக மாறிவிடும். மாற்றிய பிறகே அதனுள் தேடுங்கள். மாற்றாத மடலுக்குள் இன்றைய தமிழ்ச் சொல்லை இட்டுத் தேடினால் ஒருபோதும் கிடைக்காது.

கேள்வி (திருநெல்வேலியிலிருந்து ஒரு மாணவர்): ஒரே தளத்துக்குள் மட்டும், அதுவும் அண்மையில் எழுதியவற்றை மட்டும் தேட முடியுமா?

பதில்: முடியும். கூகுளில், ஆங்கில எழுத்துகளில் 'சைட்' (site) என்ற சொல்லை எழுதி, முக்காற்புள்ளி (:) இட்டு, இடைவெளி விடாமல் தளத்தின் முகவரியை எழுதுங்கள். அதன் பிறகு ஓர் இடம் விட்டுத் தேடுசொல்லை எழுதுங்கள். அதேபோல் ஆங்கிலத்தில் 'ஆஃப்டர்' (after) என்றெழுதி முக்காற்புள்ளியும் ஆண்டும் இட்டால், அந்த ஆண்டுக்குப் பிந்தியவை மட்டும் வரும். சொற்கள் இதே வரிசையில் வரவேண்டும் என்றால் இரட்டை மேற்கோள் குறிக்குள் இடுங்கள். வேண்டாத ஒரு சொல்லின் முன்னே கழித்தல் குறியை ஒட்டி எழுதினால், அச்சொல் உள்ள பக்கங்கள் விலகும். தளத்தின் சொந்தத் தேடல் பெட்டி கைவிடும்போது நான் பெரும்பாலும் இவ்வழியையே நாடுகிறேன்.

கேள்வி (தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகி): தேடினால் பதில்கள் கிடைக்கின்றன, ஆனால் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கின்றன. எதை நம்புவது?

பதில்: முதலில் பதிலின் தேதியைப் பாருங்கள். முதல் கேள்வியில் வந்த தென்னையையே எடுத்துக்கொள்வோம். தென்னையின் பூச்சிகளுக்கு மோனோகுரோட்டோபாஸ் மருந்தை வேர் வழியாகச் செலுத்தச் சொல்லும் பழைய பதில்கள் இணையத்தில் நிறைய உண்டு. எழுதியவர்கள் நல்லெண்ணத்துடன், அன்றைய பரிந்துரையின்படியே எழுதினார்கள். ஆனால் 36 விழுக்காட்டு மோனோகுரோட்டோபாஸ் கரைசலுக்கு 2023இல் ஒன்றிய அரசு தடை விதித்துவிட்டது. வெள்ளை ஈயைப் பொறுத்தவரை கடும் பூச்சிக்கொல்லிகளைத் தெளிப்பது, அதை அழிக்கும் என்கார்சியா ஒட்டுண்ணியையும் சேர்த்துக் கொன்றுவிடும் என்பதால் அதைத் தவிர்க்கவே அறிவுறுத்துகிறார்கள். பத்தாண்டுக்கு முந்தைய பதில் ஒன்று பலரால் பாராட்டப்பட்டிருந்தாலும், இன்று அதைப் பின்பற்றுவது தீங்காக முடியலாம்.

அடுத்து, கேட்டவர் திரும்பி வந்து ஏதாவது சொல்லியிருக்கிறாரா என்று பாருங்கள். 'நீங்க சொன்ன மாதிரி செஞ்சேன், ரெண்டு வாரத்துல சரியாயிடுச்சு' என்ற ஒரு வரிக்கு, அறிவுரை கூறும் பத்துப் பதில்களைவிட மதிப்பு அதிகம் என்று கருதுகிறேன். அந்த வரியையே தேடி எடுக்கவும் முடியும்: உங்கள் தேடுசொல்லோடு 'சரியாயிடுச்சு', 'பலன் கிடைத்தது', 'நன்றி ஐயா' ஆகியவற்றில் ஒன்றைச் சேர்த்துத் தேடுங்கள். முடிவடைந்த உரையாடல்கள் முன்னே வரும்.

மருந்து, உரம், உடல்நலம் போன்றவற்றில் இவ்வளவுக்குப் பிறகும் தெரிந்தவரிடம் ஒரு சொல் கேட்டுவிடுவதே நன்று. வேளாண்மைக் கேள்விகளுக்கு 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணில் கிசான் அழைப்பு மையம் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை தமிழிலேயே பதில் சொல்கிறது. அழைக்கும்போது, தேடலில் கிடைத்த சொற்களைக் கையோடு எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். 'ஓலை கறுப்பாகிறது' என்று தொடங்குவதைவிட 'வெள்ளை ஈயும் கரும்பூசணமும் இருக்கின்றன' என்று தொடங்கினால் உரையாடல் நேராகத் தீர்வுக்கு வந்துவிடும்.