மயஸ்தீனியாவோடு மறதியும் வந்தால்: நோய் மூளைக்கு ஏறிவிட்டதா?

கேள்வி: எனக்கு வயது 48. கணித ஆசிரியை. ஆறு வருடமாக மயஸ்தீனியா கிராவிஸ் என்ற தசைத் தளர்ச்சி நோய் இருக்கிறது. பைரிடோஸ்டிக்மின் 60 மி.கி. நாளைக்கு நான்கு வேளை, பிரெட்னிசோலோன் 20 மி.கி., அசாதயோபிரின், கூடவே வயிற்று அமிலத்துக்குப் பான்டோபிரசோல் சாப்பிடுகிறேன். இமை தொங்குவதும் இரட்டைப் பார்வையும் பெரும்பாலும் கட்டுக்குள்தான். ஆனால் ஒரு வருடமாக மறதி. பிள்ளைகள் பெயர் சட்டென்று வாயில் வரமாட்டேன் என்கிறது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோகிறேன். போன மாதம் இரண்டு முறை, மாத்திரை போட்டேனா இல்லையா என்று தெரியாமல் இன்னொன்றும் போட்டு, வயிறு முறுக்கி எடுத்துவிட்டது. வயிற்று வலிக்கு டைசைக்ளோமின் போட்டுக்கொள்வேன், சளி பிடித்தால் மருந்துக் கடையில் கேட்டு ஏதாவது வாங்குவேன். ராத்திரி நாலைந்து தடவை விழிப்பு வருகிறது, காலையில் தலை கனக்கிறது. எடை 9 கிலோ கூடிவிட்டது. என் அம்மாவுக்கு 76 வயதில் மறதி நோய் வந்தது. இந்த நோய் மூளைக்கு ஏறிவிட்டதா? ஞாபகசக்திக்கு மாத்திரை உண்டா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: டீச்சர், உங்களை நேரில் பார்க்காமல் இதுதான் காரணம் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் கடிதத்தைப் படித்தபோது, மூளை நோயைவிட உங்கள் மாத்திரைப் பட்டியலும் உங்கள் தூக்கமும்தான் முதலில் கண்ணில் பட்டன.

முதலில் அந்தப் பயத்தை எடுத்துக்கொள்வோம். மயஸ்தீனியாவில் உடம்பு தானே உண்டாக்கும் எதிர்ப்பொருள்கள், நரம்பு தசையைத் தொடுகிற இடத்தில் இருக்கும் அசெட்டைல்கோலின் ஏற்பிகளைத் தாக்குகின்றன. அசெட்டைல்கோலின் என்பது நரம்பின் செய்தியைத் தசைக்குக் கொண்டுபோகும் ரசாயனம், ஏற்பி அதைப் பெற்றுக்கொள்ளும் இடம். மூளைக்குள்ளும் அசெட்டைல்கோலின் ஏற்பிகள் உண்டு, ஞாபகத்துக்கு அவை வேண்டியவையும்கூட. ஆனால் அவற்றின் அமைப்பு வேறு. தசையில் உள்ளதைத் தேடிப் போகிற எதிர்ப்பொருள் அதைப் பொதுவாகக் கண்டுகொள்வதில்லை. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பைத் தாண்டி உள்ளே போகும் எதிர்ப்பொருளும் மிகக் கொஞ்சம். அதனால் 'தசையில் தொடங்கி மூளைக்கு ஏறுகிற' நோய் என்று இதைச் சொல்ல முடியாது.

எல்லா நரம்புத்தசை நோய்க்கும் இது பொருந்தாது. மயோடோனிக் டிஸ்ட்ரோபி என்ற பரம்பரைத் தசை நோயில் மூளையும் நேரடியாகவே பாதிக்கப்படுகிறது. பகல் தூக்கமும் எதிலும் ஆர்வமில்லாமையும் அந்த நோயின் பகுதியே. டூஷேன் என்ற தசைச் சிதைவு நோய் உள்ள பிள்ளைகளில் சிலருக்குப் படிப்பில் சிரமம் இருக்கும், ஏனென்றால் அவர்களுக்குக் குறைவாக இருக்கும் டிஸ்ட்ரோபின் என்ற புரதம் மூளைக்கும் தேவை. தசைகளை இயக்கும் நரம்புகள் அழியும் ஏஎல்எஸ் நோயிலும் ஒரு பகுதியினருக்குச் சிந்தனையில் மாற்றம் வருகிறது. தசை நோய்க் குடும்பம் ஒன்றில் கேள்விப்பட்டதை இன்னொன்றுக்குப் பொருத்திப் பயப்பட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

அசெட்டைல்கோலின் சிதைவதைத் தடுத்துத் தசைக்கு வலுக்கொடுக்கும் பைரிடோஸ்டிக்மினும் மூளைக்குள் அதிகம் போவதில்லை. இதற்கு ஒரு சின்ன வரலாறு உண்டு. 1934இல் லண்டன் கிரீனிச்சில் மேரி வாக்கர் என்ற மருத்துவர் இதே வகை மருந்தான ஃபைசோஸ்டிக்மின் கொடுத்துப் பார்த்தபோது மயஸ்தீனியா நோயாளியின் தொங்கிய இமை நிமிர்ந்தது. அந்த மருந்து மூளைக்குள்ளும் நுழையக்கூடியது. பின்னால் வந்த நியோஸ்டிக்மினும், உங்கள் பைரிடோஸ்டிக்மினும் மின்னேற்றம் கொண்ட மூலக்கூறுகள். மூளையின் வாசலில் அவற்றுக்கு எளிதில் அனுமதி கிடைக்காது.

உங்கள் வயிற்று வலி மாத்திரையின் கதை அப்படியில்லை. டைசைக்ளோமின் மூளைக்குள் போகும். போய், ஞாபகத்துக்குத் தேவையான அதே அசெட்டைல்கோலினின் வேலையைக் கெடுக்கும். சளிக்குக் கடையில் கொடுக்கிற மாத்திரைகள் பலவற்றில் குளோர்ஃபெனிரமின் இருக்கும், சில இருமல் சிரப்புகளில் டைஃபென்ஹைட்ரமின். இரண்டும் அதே வேலையைச் செய்பவை. ஒருநாள் போட்டால் ஒன்றும் ஆகாது. மாதத்தில் பத்து நாள் இவற்றில் ஏதோ ஒன்று உள்ளே போனால் மந்தமும் மறதியும் வருவதில் ஆச்சரியமில்லை.

இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பைரிடோஸ்டிக்மின் அளவு மீறும்போது உடம்பு வயிற்று முறுக்கல், பேதி, எச்சில் ஊறுதல், வியர்வை மூலம் மணி அடிக்கும். டைசைக்ளோமின் போட்டால் அந்த மணியின் நாக்கைக் கட்டிவிட்ட மாதிரி. அளவு இன்னும் கூடினால் தசையே துடித்துத் தளர்ந்துபோகும். அதை நோய் முற்றியது என்று நினைத்து மேலும் ஒரு மாத்திரை போடுபவர்களும் உண்டு. வயிறு படுத்தினால் முதலில் வெறும் வயிற்றில் போடாமல் ஒரு இட்லியோ இரண்டு பிஸ்கட்டோ சாப்பிட்டுவிட்டுப் போட்டுப் பாருங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் கிளைகோபைரோலேட் ஒத்துவருமா என்று உங்கள் நரம்பியல் மருத்துவரைக் கேளுங்கள். அது மூளைக்குள் அதிகம் நுழையாது. ஆனால் அதுவும் மணியை மங்கச் செய்கிற மருந்துதான். பைரிடோஸ்டிக்மின் அளவு சரியா என்று பார்த்த பிறகே அதற்குப் போக வேண்டும்.

அடுத்தது தூக்கம். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது இதுதான். நாம் கனவு காணும் கட்டத்தில் உடம்பின் மற்ற தசைகள் தளர்ந்துவிட, மூச்சுச் சுமை முழுவதும் உதரவிதானத்தின் தலையில் விழுகிறது. மயஸ்தீனியாவில் அந்தத் தசையும் சோர்ந்திருந்தால், இரவில் மூச்சு ஆழம் குறைந்து ரத்தத்தில் கரியமில வாயு தேங்கும். மூளை அதை உணர்ந்து எழுப்பிவிடும். நாலைந்து விழிப்பு, காலையில் தலைக் கனம், பகலில் மூளை பஞ்சு வைத்த மாதிரி இருப்பது எல்லாம் இதோடு பொருந்துகின்றன. கூடிய 9 கிலோவால் குறட்டையும் மூச்சுத் தடையும் சேர்ந்திருக்கலாம். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறதா? முன்பு ஒரு தலையணை போதும், இப்போது இரண்டு வேண்டியிருக்கிறதா? குறட்டை விடுகிறீர்களா? கடைசிக் கேள்வியை வீட்டுக்காரரிடம்தான் கேட்க வேண்டும்.

பகலில் விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிமீட்டர் 98 காட்டியது என்று நிம்மதியடையாதீர்கள். இந்தத் தொந்தரவில் ஆக்சிஜன் கடைசியில்தான் இறங்கும். உட்கார்ந்தும் படுத்தும் நுரையீரல் கொள்ளளவு பார்க்கும் ஸ்பைரோமெட்ரி, கரியமில வாயுவையும் சேர்த்து அளக்கிற தூக்கப் பரிசோதனை, இரண்டும் தேவைப்படலாம். குறை தெரிந்தால் இரவில் முகமூடி வழியாக மூச்சுக்கு உதவும் பைபேப் கருவியால் பலருக்குத் தூக்கம் திரும்புகிறது, கூடவே பகல் தெளிவும். தூக்கம் வரவில்லை என்று அல்பிரசோலம், குளோனசெபம் மட்டும் போட்டுவிடாதீர்கள். மூச்சையும் அமுக்கும், ஞாபகத்தையும் கெடுக்கும்.

பிரெட்னிசோலோன் ஒரு ஸ்டீராய்டு. அது ஞாபகத்தைத் தொடக்கூடியதுதான், மறுக்கவில்லை. மூளையில் நினைவைப் பதியவைக்கிற ஹிப்போகாம்பஸ் பகுதியில் ஸ்டீராய்டு ஏற்பிகள் நெருக்கமாக இருக்கின்றன. தூக்கத்தையும் மனநிலையையும் சர்க்கரையையும் அது வேறு கலைக்கும். அளவு கூடினால் தொந்தரவு கூடும், குறைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். மாலையில் போடுகிறீர்கள் என்றால் காலைக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். ஆனால் நீங்களாக ஒரு மாத்திரையைக்கூடக் குறைக்கவோ திடீரென்று நிறுத்தவோ கூடாது. இத்தனை வருடம் ஸ்டீராய்டு சாப்பிட்ட உடம்பு அதைத் தாங்காது.

ரத்தப் பரிசோதனையில் பி12, தைராய்டு, சர்க்கரை கட்டாயம் பாருங்கள். தைராய்டுக் கோளாறு மயஸ்தீனியாவோடு சேர்ந்து வருவது சகஜம். பி12 விஷயத்தில் ஒரு நுணுக்கம்: பான்டோபிரசோல் வருடக்கணக்கில் சாப்பிட்டால் பி12 உடம்பில் சேர்வது குறையலாம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் இருந்தாலும் அப்படியே. குறைவு வந்தால் சிவப்பணுக்கள் பெருத்துக் காட்டும். ஆனால் அசாதயோபிரினும் அவற்றைப் பெரிதாக்கும் என்பதால், "அது மருந்தால் வந்தது" என்று ரிப்போர்ட்டை மூடி வைத்துவிடுவது நடக்கிறது. பி12 அளவையே நேராகப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் சைவம் என்றால் இன்னும் அவசியம்.

மனச்சோர்வைப் பற்றி நீங்கள் ஒரு வரி எழுதவில்லை. ஆறு வருட நோய், வேலை, வீடு. எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதுவும் மறதியாகத்தான் வெளியே தெரியும்.

அம்மாவுக்கு வந்த நோயா என்ற கேள்விக்கு வருகிறேன். மாணவன் பெயர் வரவில்லை. யாராவது முதல் எழுத்தைச் சொன்னால் வந்துவிடுகிறதா? அப்படியென்றால் பதிவு இருக்கிறது, எடுப்பதில்தான் தாமதம். களைப்பு, தூக்கக் குறைவு, மருந்து, மனச்சோர்வு இவற்றால் வரும் மறதி பெரும்பாலும் இந்த வகை. அல்சைமரில் எடுத்துக் கொடுத்தாலும் பலசமயம் வராது, ஏனென்றால் உள்ளே பதியவே இல்லை. பால் பொங்கியது பதியாமல் போனது கவனம் வேறெங்கோ இருந்ததால். அம்மாவுக்கு 76இல் வந்தது என்பதால் உங்களுக்கு 48இல் வரும் என்று ஆகாது. சந்தேகம் தீர, ஞாபகத்தையும் சிந்தனையையும் 30 மதிப்பெண்ணுக்குச் சோதிக்கும் மோகா பரிசோதனை தமிழிலும் உண்டு. அதை மாத்திரை வேலை செய்கிற நேரத்தில், கண் தெளிவாக இருக்கும்போது எழுதுங்கள். இரட்டையாகத் தெரியும் கண்ணோடும் சோர்ந்த கையோடும் எழுதினால் தசைக்குப் போகிற மார்க்கு மூளைக் கணக்கில் கழிந்துவிடும். டீச்சருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஞாபகசக்தி மாத்திரை கேட்டீர்கள். வேண்டாம். அல்சைமருக்குக் கொடுக்கிற டோனெப்பசில், பைரிடோஸ்டிக்மின் செய்கிற வேலையையே செய்வது. இரண்டும் சேர்ந்தால் நீங்கள் பட்ட வயிற்று முறுக்கல் இன்னும் மோசமாகும். வல்லாரைத் துவையல் தாராளமாகச் சாப்பிடுங்கள். விளம்பரம் பார்த்து மூலிகை கேப்சூல் வாங்காதீர்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று லேபிளும் முழுதாகச் சொல்லாது.

காரணம் கண்டுபிடிக்க வாரங்கள் ஆகலாம். அதுவரை மாத்திரை விஷயத்தில் உங்கள் ஞாபகத்தை நம்பாதீர்கள். ஏழு நாள், நான்கு வேளை அறைகள் உள்ள டப்பா வாங்கி ஞாயிற்றுக்கிழமை நிரப்புங்கள். பைரிடோஸ்டிக்மினுக்கு ஈரம் ஆகாது, அதனால் அட்டையைக் கத்தரித்து உறையோடேயே போடுங்கள். அறை காலி என்றால் மாத்திரை உள்ளே போய்விட்டது, அவ்வளவுதான் சாட்சி. செல்போன் அலாரம் அடித்தவுடன் அணைக்காமல், விழுங்கிய பிறகு அணையுங்கள். பலர் தவறுவது இந்த இடத்தில்தான். அப்படியும் சந்தேகம் வந்தால் போட்டதாகவே வைத்துக்கொண்டு அடுத்த வேளை வரை பொறுங்கள். தவறிய வேளைக்குச் சேர்த்து இரண்டாகப் போடவே கூடாது.

பள்ளியில் கடினமான வகுப்பையும் விடைத்தாள் திருத்துவதையும் காலையில், மாத்திரை வேலை செய்கிற நேரத்தில் வருகிற மாதிரி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பெயருக்கு இருக்கை வரைபடம் ஒன்று மேசையில் இருக்கட்டும்.

சிலவற்றுக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது. ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்க முடியவில்லை, விழுங்கும்போது புரையேறுகிறது, பகலில் எழுப்ப முடியாத மயக்கம் என்றால் 108ஐ அழையுங்கள். மறதி சில நாட்களுக்குள் வேகமாகக் கூடினாலோ, குழப்பமோ வலிப்போ வந்தாலோ, காய்ச்சலோடு கடும் தலைவலி இருந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பிரெட்னிசோலோன், அசாதயோபிரின் போல நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவருக்கு மூளைத் தொற்று வரலாம். மயஸ்தீனியா நோயாளிகளில், மார்பில் உள்ள தைமஸ் சுரப்பியில் கட்டி உள்ளவர்களில் வெகு சிலருக்கு மூளையையே தாக்குகிற வேறு எதிர்ப்பொருள்களும் உண்டாகின்றன. உங்களுக்கு மார்பு ஸ்கேன் எப்போது எடுத்தார்கள் என்று பழைய கோப்பில் பாருங்கள்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அந்தக் கோப்போடு, வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். மருந்துக் கடையில் கேட்டு வாங்கியவை, பாதி தீர்ந்த இருமல் சிரப் உட்பட.