கப்பல் போகாவிட்டால் டூர் பணம் வருமா?

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து கப்பல் பயணம். தாய்லாந்தின் புக்கெட்டில் சுற்ற, ஆன்லைனில் தனியாக வேன் பிடித்துப் பணமும் கட்டிவிட்டோம். கப்பல் அங்கே போகாவிட்டால் பணம் கிடைக்குமா? (வாசகி, தக்கலை)

பதில்: கப்பல் கம்பெனி தராது, தன்னிடம் வாங்கிய டூருக்கு மட்டுமே அது பொறுப்பு. புக்கெட்டில் பல கப்பல்கள் கரைக்கு வராமல் நங்கூரம் போட்டு, சிறு படகில்தான் ஆளை இறக்கும். அலை ஏறினால் விவேகானந்தர் பாறைக்குப் படகு நிற்குமே, அதே நிலைமைதான். எனவே வேன்காரரின் விதியில் ‘கப்பல் வராவிட்டால் முழுப்பணம் வாபஸ்’ என்ற வரி இருக்கிறதா பாருங்கள். அதுவும் போதாது. காலை 8 மணிக் கப்பல் 12 மணிக்கு வந்தால், ‘வந்துவிட்டதே’ என்பார்கள். பலர் மாட்டுவது இங்கேதான். கப்பல் பெயர், தேதி குறிப்பிட்டு, நேரம் மாறினாலும் வாபஸ் உண்டா என்று இப்போதே மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். மாற்றம் அறிவித்ததும் அறிவிப்பைப் போட்டோ எடுத்து உடனே அனுப்புங்கள். ஒப்புக்கொண்ட பணத்தைத் தராவிட்டால், கார்டு கொடுத்த வங்கியில் சார்ஜ்பேக் (கார்டில் கட்டிய பணத்தை வங்கி மூலம் திரும்பக் கோருவது) கேட்கலாம்.