காற்று ஏன் கத்துது?

கேள்வி: வாடைக்காற்று தொடங்கினால் என் 5 வயது மகன் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்குக் கீழே போய்விடுகிறான். "காற்று ஏன் கத்துது?" என்று கேட்கிறான். போதாக்குறைக்கு அம்மம்மா சொல்லும் 1978ஆம் ஆண்டுச் சூறாவளிக் கதை வேறு. எப்படி விளங்கப்படுத்துவது?
- வாசகி, கல்லடி

பதில்: அவனைப் பயப்படுத்துவது சத்தம். அதை அவனே உண்டாக்கிப் பார்க்கட்டும். 500 மி.லீ. வெறும் பிளாஸ்டிக் போத்தலின் வாயைக் கீழுதட்டோடு ஒட்டவைத்து, குறுக்கே ஊதச் சொல்லுங்கள். பிள்ளைகள் முதலில் போத்தலுக்குள்தான் ஊதுவார்கள், சத்தம் வராது. உதட்டை இறுக்கி, எதிர் விளிம்பில் காற்றுப் படும்படி ஊதினால் கூவும். பாதிக்குத் தண்ணீர் விட்டு ஊதினால் கீச்சென்று உயரும். உள்ளே காற்று குறைந்ததால் அது விரைவாக அதிர்கிறது.

காற்று வீசும் பகலில் வீட்டுக்குள் கூவும் இடத்தை இருவருமாகத் தேடுங்கள். பெரும்பாலும் யன்னல் இடுக்கு அல்லது கதவின் அடிப்பக்கம். பழைய துணியைச் சுருட்டி அவன் கையாலேயே அடைக்கட்டும். சத்தம் நின்றதும் அவன் முகத்தைப் பாருங்கள்! கூரைத் தகரம் படபடத்தால் ஆணி கழன்றிருக்கும். அது பெரியவர்கள் வேலை.

காற்று ஏன் வருகிறது என்பதற்கு ஒரு பலூன் போதும். ஊதி, கட்டாமல், கன்னத்துக்கு நேரே திறந்துவிடுங்கள். நெருக்கமாக இருந்த காற்று நெருக்கம் குறைந்த இடத்துக்கு ஓடுகிறது. அமுக்கம் என்ற சொல்லுக்கு இன்னும் காலமிருக்கிறது. பலூன் வெடித்தால் துண்டுகளை உடனே பொறுக்குங்கள், வாயில் போடுவார்கள்.

1978 நவம்பர் 23 மட்டக்களப்பு மறக்கக்கூடிய நாளல்ல. அம்மம்மா சொல்லட்டும், படுக்கும் நேரத்தில் மட்டும் வேண்டாம். "ஒன்றும் நடக்காது" என்று வாக்குக் கொடுக்காமல், செய்யவேண்டியதைச் சொல்லிக்கொடுங்கள்: யன்னலை விட்டு உள்ளறைக்குப் போவது, தென்னைக்குக் கீழே நிற்காதது. முக்கியமானது, சூறாவளியின் கண் கடக்கும்போது காற்றுச் சட்டென அடங்கி, பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து அடிக்கும். அடங்கிவிட்டதென்று பிள்ளை முற்றத்துக்கு ஓடக்கூடாது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தைக் கதவில் எழுதி ஒட்டுங்கள்.

கேள்வி: கச்சான் காற்று மட்டும் ஏன் சுடுகிறது என்று முன்பள்ளிப் பிள்ளைகள் கேட்கிறார்கள்.
- ஆசிரியை, அக்கரைப்பற்று

பதில்: கச்சான் என்பது தென்மேல் பருவக்காற்றுத்தான். அது மலைநாட்டில் ஏறும்போது மழையை அந்தப் பக்கமே கொட்டிவிடுகிறது. கிழக்கே நம் பக்கம் இறங்கும்போது கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 10 பாகை செல்சியஸ் சூடேறுகிறது. பிள்ளைகளுக்கு, "மழையை மலையில் விட்டுவிட்டு வருகிறது" என்றால் போதும். ஒரே அளவான இரண்டு ஈரக் கைக்குட்டைகளில் ஒன்றைக் கச்சானிலும் மற்றதை வகுப்பறை மூலையிலும் தொங்கவிடுங்கள். இரண்டையும் நிழலில் போடவேண்டும். வெயில் பட்டால் காய்ந்தது எதனால் என்று பிரித்துச் சொல்லமுடியாது.