பனிக்காலத்தில் நடப்பது – கடிதம்

அன்புள்ள ஐயா,

மதுரை கே.கே.நகரில் இருந்தவரை விடிகாலை ஐந்தரை மணிக்கு வண்டியூர்க் கண்மாய்ப் பக்கம் ஒரு மணி நேரம் நடப்பது என் நெடுநாள் வழக்கம். பணி ஓய்வுக்குப் பிறகு கனடாவில், டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் இருக்கும் மகன் வீட்டோடு வந்துவிட்டேன். இலையுதிர்காலம் வரை நடை தடைப்படவில்லை. இப்போது மைனஸ் என்று காட்டினாலே மருமகள், “மாமா, இன்றைக்கு வேண்டாம்” என்று தடுத்துவிடுகிறாள். சர்க்கரையோ ஏறிக்கொண்டே போகிறது. டொராண்டோவின் குளிர்காலங்களை நீண்டகாலமாகப் பார்த்துவருபவர் தாங்கள். எந்தக் குளிர் வரை வெளியே நடக்கலாம்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

காற்றில்லாத மைனஸ் 12-ல், புதிய பனி காலடியில் நொறுநொறுவென்று ஒலிக்கும் நாளில் நான் தயங்காமல் கிளம்பிவிடுவேன். பகலில் பூஜ்யத்துக்கு மேல் இரண்டு டிகிரி ஏறி, இரவில் மீண்டும் இறங்கிய மறுநாள் காலையில்தான் வாசற்படியிலேயே நின்று யோசிப்பேன். நடைபாதையோரப் பனிமேடுகளிலிருந்து உருகி வழிந்த நீர், இரவில் கண்ணாடி போன்ற மெல்லிய படலமாக உறைந்து, அடியிலுள்ள தாரின் நிறத்தையே காட்டிக்கொண்டு கிடக்கும். பிளாக் ஐஸ் என்று இங்கே எல்லோரும் அஞ்சுவது அதைத்தான். அதன்மேல் ஈரமும் படர்ந்திருந்தால் கால் நிற்கவே நிற்காது. பனியை உருக்கப் பாதையில் தூவப்படும் சாதாரண உப்பும் மைனஸ் 10-ஐ நெருங்கும்போது வலுவிழந்துவிடுவதால், உருகிய நாளைத் தொடர்ந்து கடுங்குளிர் இறங்கினால் இரட்டை ஆபத்து. அப்படிப்பட்ட நாட்களில் உங்கள் மருமகள் சொல்வது சரி. மற்ற நாட்களில் நீங்கள் வாதாடலாம்.

எண்ணாகவே வேண்டுமென்றால், வெப்பநிலையைவிட விண்ட் சில் அளவை, அதாவது காற்றையும் சேர்த்து உடல் உணரும் குளிரைப் பாருங்கள். மைனஸ் 10-ல் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று வீசினால் உடல் அதை மைனஸ் 20-ஆக உணரும். விண்ட் சில் மைனஸ் 28-க்குக் கீழே போனால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறைந்து புண்ணாகக்கூடும் என்பது கனடா வானிலைத் துறையின் எச்சரிக்கை. சர்க்கரை உள்ளவர் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் விரல் மரத்துப்போவதே தெரியாது. ஆகவே திரும்பி வந்ததும் காலுறையைக் கழற்றிக் கண்ணால் பார்த்துவிடுங்கள். இதயத் தொல்லையோ இரத்த அழுத்தமோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவே வேண்டாம், ஏனெனில் குளிர் இரத்தக் குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தை ஏற்றிவிடும்.

உங்கள் விடிகாலைப் பழக்கத்தைத்தான் முதலில் கைவிடச் சொல்வேன். மதுரையில் வெயிலுக்கு முந்திக்கொள்ள வேண்டியிருந்தது. இங்கோ டிசம்பர் இறுதியில் ஏறத்தாழ 7.50-க்குத்தான் விடிகிறது, மாலை 4.50 வாக்கில் பொழுது சாய்ந்துவிடுகிறது. பகல் உணவுக்குச் சற்றுப் பின்னர் கிளம்பினால் பாதையில் உப்பு விழுந்திருக்கும், வெளிச்சம் இருக்கும், உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரையும் கட்டுப்படும். தூரத்தைக் கணக்கிடாதீர்கள். குட்டையான அடி வைத்து, பாதம் முழுவதையும் தரையில் பதித்து, கைகளை ஜெர்கின் பைக்குள் விடாமல் நடக்க வேண்டியிருப்பதால், ஊரில் ஒரு மணியில் கடந்த தூரம் இங்கே வராது. நேரம் தவறாமல் இருந்தால் போதும்.

பூட்ஸ் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. டொராண்டோ ரீஹாப் என்ற மறுவாழ்வு மருத்துவமனையின் ஆய்வகத்தில், பனிக்கட்டியே தரையாக உள்ள ஓர் அறையைச் சாய்த்து, பாதுகாப்புப் பட்டை கட்டிய ஆட்களை அதில் நடக்கவைத்துக் குளிர்கால பூட்ஸ்களைச் சோதிக்கிறார்கள். 7 டிகிரி சரிவில் வழுக்காமலிருப்பதே அவர்கள் வைத்த குறைந்தபட்சத் தேர்வு. 2016-இல் வெளியிட்ட முடிவின்படி, சோதித்த 98 வகைகளில் 8 விழுக்காடுதான் அதில் தேறின. கடைக்காரர் காட்டும் தடித்த அடிப்பாகத்தை நம்பாமல் அவர்களுடைய தரப்பட்டியலைப் பார்த்து வாங்குங்கள். உள்ளே பருத்தி பனியனும் வேண்டாம். வியர்வையைப் பிடித்துவைத்துக்கொண்டு முதுகைச் சில்லிட வைத்துவிடும். கம்பளியோ தெர்மல் உள்ளாடையோ அணிந்து, வாசலில் இலேசாகக் குளிரும்படி கிளம்பினால் ஐந்து நிமிடத்தில் உடல் சரியாகிவிடும்.

பிளாக் ஐஸ் நாட்களுக்கு ஸ்கார்பரோ டவுன் சென்டர் என்ற வணிக வளாகம் இருக்கிறது. கடைக் கண்ணாடிகளுக்கு நடுவே சுற்றிச் சுற்றி நடப்பது எனக்குச் சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் மூன்று நாள் சேர்ந்தாற்போல் வீட்டில் அடைந்துவிட்டால் நான்காம் நாள் கால் எழாது என்பதால் போகிறேன். பூட்ஸின் அடியில் மாட்டிக்கொள்ளும் இரும்பு முள் பட்டையை வாங்கியிருந்தால், அங்கே நுழையும்போதே கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பளபளக்கும் தரைக்கல்லில் அதுவே சறுக்கிவிடும்.

அன்புடன்.