கூப்பிட்டது அவன் பேரை இல்லையே

வாசகி கடிதம்: "அம்மாவுக்கு வணக்கம். கோபி பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. நான் கல்யாணமாகிப் பெருந்துறையில் இருக்கிறேன். தம்பிக்கு 25 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் டெய்லராக இருந்தவன், போன வருஷம் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிட்டான். ராத்திரி தூங்குவதில்லை. தனக்குத்தானே பேசுகிறான். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் போனில் தன்னைப் பற்றியே பேசிக்கொள்கிறார்கள் என்கிறான். குலதெய்வம் கோயிலில் அவன் பேருக்கு அர்ச்சனை செய்து பூவும் கேட்டோம். நல்ல வாக்குதான் வந்தது. ஒன்பது கிலோமீட்டரில் இருக்கிற அரசு ஆஸ்பத்திரிக்கு வாரத்தில் ஒருநாள் மனநல டாக்டர் வருகிறார். அன்றைக்குத்தான் சந்தையும், ஊரே அங்கே இருக்கும். தங்கைக்கு வரன் பார்க்கிற நேரம் என்பதால் கோயம்புத்தூரில் தனியார் டாக்டர் ஒருவரிடம் வேறு பேரில் சீட்டுப் போட்டுக் காட்டினோம். ஒவ்வொரு தடவையும் ஒருநாள் வேலை கெட்டு, மூவாயிரத்துக்கு மேல் செலவாகிறது. மூன்று தடவைக்கு அப்புறம் வரமாட்டேன் என்கிறான். மாத்திரை நின்று இரண்டு மாதம் ஆகிறது. அங்கே நர்ஸ் கூப்பிட்டால்கூடக் காதில் விழாதவன் மாதிரி உட்கார்ந்திருப்பான், நான்தான் கையைப் பிடித்து எழுப்ப வேண்டும். அவ்வளவு முற்றிவிட்டது. தங்கை கல்யாணம் முடியும் வரை வெளியூரில் வைத்துப் பார்த்துக்கொள்ள நல்ல ஹோம் ஒன்று சொல்லுங்கள்."

அம்மணி, வயதில் நீ என் மகளைவிடச் சின்னவளாக இருப்பாய், அதனால் நீ என்றே பேசுகிறேன். ஹோம் எதையும் நான் சொல்லப்போவதில்லை. நீ எழுதியதில் ஒரு வரியை உனக்கே திரும்பக் காட்டுகிறேன். நர்ஸ் கூப்பிட்டும் தம்பி எழவில்லை, அவ்வளவு முற்றிவிட்டது என்கிறாய். நர்ஸ் யாரைக் கூப்பிட்டார்? நீங்கள் சீட்டில் எழுதிக் கொடுத்த யாரோ ஒருவனை. உன் தம்பி எதற்கு எழ வேண்டும்? கூப்பிட்டது அவன் பேரை இல்லையே. அந்த இடத்தில் சரியாக நடந்துகொண்டவன் அவன் ஒருவன்தான். அதை நோயின் கணக்கில் சேர்த்து எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறாய்.

அவன் பக்கத்திலிருந்து கொஞ்சம் யோசித்துப் பார். ஊரே தன்னைப் பற்றி ரகசியம் பேசுகிறது என்று பயந்து தூக்கம் கெட்டுக் கிடக்கிறவன் அவன். சுற்றியிருப்பவர்கள் தன்னிடம் எதையோ மறைக்கிறார்கள் என்பதுதான் அவனுக்கு இருக்கிற பெரிய பயம். அப்படிப்பட்டவனை மூன்று மணி நேரம் பஸ்ஸில் கூட்டிப்போய், அவன் கண்ணெதிரே, கூடப் பிறந்த அக்காவே அவனுக்கு வேறு பேர் சொல்கிறாள். அவன் பயந்தது அங்கே நிஜமாகிவிட்டது. நாலாவது தடவை வரமாட்டேன் என்றதை அடம் என்று நினைக்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

குலதெய்வம் கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டியபோது என்ன பேர் சொன்னீர்கள்? அவன் பேரை, அவன் ராசியை, அவன் நட்சத்திரத்தை. சாமியிடம் பேரை மாற்றிச் சொல்ல யாருக்கும் மனசு வராது. பூ கேட்டதை நான் குறை சொல்லவில்லை, நானும் கேட்கிறவள்தான். ஆனால் வைத்தியம் செய்கிறவரிடம் மட்டும் பொய்ப் பேர் என்றால், அந்தப் பிள்ளை செய்த குற்றம் என்ன?

இந்தச் சந்தைநாள் சங்கடம் உன் வீட்டுக்கு மட்டும் வந்ததில்லை. எனக்கு வருகிற கடிதங்களில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான். பெருந்துறைக்காரர்கள் சேலம் போகிறார்கள், சேலத்துக்காரர்கள் கோவை வருகிறார்கள். டாக்டர் தூரத்தில் இருந்தால் காசும் நாளும் இல்லாமல் நின்றுபோகிறது. பக்கத்தில் இருந்தால், சீட்டு எழுதுகிறவர் மாமன் மகன், வரிசையில் நிற்கிறவர் சம்பந்தி வீட்டுக்காரர் என்று நின்றுபோகிறது. சர்க்கரை மாத்திரை வாங்க அதே வரிசையில் நிற்பதற்கு யாரும் கூச்சப்படுவதில்லை.

ஆஸ்பத்திரியில் காத்திருக்கிற இடம் ஒதுக்குப்புறமாக, மறைவாக இருந்தால் இன்னும் நாலு பேர் வருவார்கள் என்பது உண்மைதான். அதை அரசாங்கத்திடம் கேட்க வேண்டும். பக்கத்தில் டாக்டரே இல்லாத காலத்தையும் கொஞ்சம் நினைத்துப் பார். மாவட்ட மனநலத் திட்டம் 1996-ல்தான் வந்தது. தமிழ்நாட்டில் முதலில் திருச்சி மாவட்டத்தில் ஆரம்பித்து, மெல்ல மெல்ல மற்ற மாவட்டங்களுக்குப் பரவியது. அதனால்தான் இன்று உன் வீட்டிலிருந்து ஒன்பது கிலோமீட்டரில் வாரம் ஒரு டாக்டர் வந்து உட்கார்கிறார். 2017-ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய் உள்ளவரை வைத்தியத்துக்காக நெடுந்தூரம் அலையவிடக் கூடாது, அவர் இருக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே அது கிடைக்க வேண்டும் என்று அரசாங்கத்துக்குச் சொல்கிறது. நோயாளியைப் பற்றிய விவரம் வெளியே போகக் கூடாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. அலையவிடாதே என்று சட்டம் அரசாங்கத்தைப் பிடித்து நிறுத்துகிறது. அவனை அலையவிட்டது வீடுதான்.

2015-16-ல் பெங்களூர் மனநல ஆஸ்பத்திரியான நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாடும் இருந்தது. ஒவ்வொரு மனநோய்க்கும் 70-லிருந்து 92 சதவீதம் பேர் சிகிச்சை இல்லாமலே இருக்கிறார்கள் என்று அதில் வந்தது. அந்தக் கூட்டத்தில் உன் தம்பியும் இந்த இரண்டு மாதமாகச் சேர்ந்துவிட்டான்.

எங்கள் சித்தப்பா ஒருவர் இருந்தார். தோட்டத்துச் சாளையில் தனியாக இருப்பார். நோம்பிக்கு விருந்தாளிகள் வந்தால் சாளைக் கதவுக்கு வெளியே தாழ்ப்பாள் விழும். மனசு சரியில்லாதவர்களைக் கொண்டுபோய்த் தங்கவைக்கிற குணசீலம் கோயிலில் ஒரு மண்டலம் வைத்துக் கூட்டி வந்தார்கள். திரும்பவும் சாளைதான். வீட்டில் யாரும் அவர் பேரைச் சொல்ல மாட்டார்கள், 'சாளைக்காரர் சாப்பிட்டாரா' என்றுதான் கேட்பார்கள். செத்த பிறகு காரியப் பத்திரிகையில்தான் அவர் பேரை நான் முதன்முதலாகப் பார்த்தேன். அன்றைக்கு எங்கள் ஊருக்கு ஒருநாளைக்கு இரண்டு பஸ், டாக்டர் என்று யாரையும் தெரியாது. என் பாட்டியை நான் கோபித்துக்கொள்ளாமல் விட்டதற்கு அந்தக் காரணமாவது இருந்தது. உனக்கு அது இல்லை.

ஹோம் என்று கேட்டாயே, அதற்கும் சொல்லிவிடுகிறேன். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு ஹோமில் தீப்பிடித்து 28 பேர் செத்தார்கள். சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியவில்லை. அவர்களைக் கொண்டுவந்து விட்டதும் வீட்டு மனிதர்கள்தான். நல்ல இடங்களும் இருக்கின்றன, டாக்டர் பார்த்து, சேர்க்க வேண்டும் என்று சொன்னால் அது வேறு. கல்யாண மண்டபத்தில் கண்ணில் படக் கூடாது என்பதற்காக ஒருவனைக் கொண்டுபோய் வைப்பதற்கு நான் துணைபோக மாட்டேன்.

தங்கை விஷயத்தில் என் எண்ணம் இது. பேச்சு நிச்சயம் வரை வந்தால், நிச்சயத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டில் உன் அப்பா நேராகச் சொல்லிவிட வேண்டும்: பையனுக்கு உடம்பு சரியில்லை, இன்ன இடத்தில் வைத்தியம் நடக்கிறது என்று. ஒரு வரன் தட்டிப்போகலாம், இரண்டும் தட்டிப்போகலாம். மறைத்துக் கட்டிக் கொடுத்துவிட்டு, ஆறு மாதம் கழித்து அங்கே தெரிந்தால், தினம் பேச்சு வாங்கப்போகிறவள் தங்கை, நீயும் அப்பாவும் இல்லை. அவள் கல்யாணத்தில் மச்சான் முறைக்கு நிற்க வேண்டியவனும் அவன்தான்.

அவனுக்கு என்ன நோய் என்று நான் சொல்லக் கூடாது, அது டாக்டர் சொல்ல வேண்டியது. இந்த மாதிரிக் கோளாறுகள் பெரும்பாலும் இந்த வயதில்தான் தலைகாட்டும், சீக்கிரம் வைத்தியம் தொடங்கினால் நன்றாகக் கேட்கும், மாத்திரையைப் பாதியில் விட்டால் திரும்பவும் வரும். மாத்திரை வேலை செய்வது தெரிய சில வாரமாவது ஆகும். தினம் மாத்திரை போட மறுக்கிறவர்களுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மாதம் ஒருமுறை போடுகிற ஊசி இருக்கிறது, அவனுக்கு ஆகுமா என்று கேள். அரசு ஆஸ்பத்திரியில் மருந்துக்குக் காசு இல்லை. டவுன் பஸ்ஸில் உனக்கும் அம்மாவுக்கும் டிக்கெட் இல்லை. அவன் ஒருவனுக்கு எடுத்தால் போதும்.

கோவையில் கொடுத்த சீட்டையும் மிச்சமிருக்கிற மாத்திரை அட்டையையும் எடுத்துப் போ. பேர் பொய், ஆள் இவன்தான் என்று டாக்டரிடம் ஒளிக்காமல் சொல். இப்படி எத்தனையோ சீட்டை அவர் பார்த்திருப்பார். அந்தப் பேரிலேயே தொடர்ந்திருந்தால் நாளைக்கு ஒரு ஊனமுற்றோர் சான்றிதழ் வேண்டுமென்றாலும், ராத்திரி அவசரத்தில் தூக்கிக்கொண்டு ஓடினாலும், அவனுக்கென்று ஒரு காகிதமும் இருந்திருக்காது.

அதுவரைக்கும், தோட்டத்தில் அடிக்கிற மருந்து டப்பா எங்கே கிடக்கிறது என்று பார்த்து, இன்றைக்கே பூட்டிச் சாவியை அப்பாவிடம் கொடு. ராத்திரியில் என்ன செய்வதென்று தெரியாமல் தவித்தால் அரசாங்கத்தின் மனநல உதவி எண் 14416-க்குப் போன் போடு, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது. வரமாட்டேன் என்கிறவனை எப்படிப் பேசிக் கூட்டி வருவது என்றும் அவர்களிடமே கேள். சாவைப் பற்றிப் பேசினாலோ, சோறு தண்ணீர் இறங்கவில்லை என்றாலோ, யார் மேலாவது கை ஓங்கினாலோ டாக்டர் வருகிற நாளுக்குக் காத்திருக்காதே. 108-ஐக் கூப்பிட்டு, பெருந்துறையோ கோவையோ, மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போ.

போவதற்கு முன்னால் தம்பியிடம் ஒரு வார்த்தை பேசு. அக்கா என்றால் பாதி அம்மா, அவனிடம் மன்னிப்புக் கேட்பதில் உனக்கு ஒரு குறைவும் வராது. வேறு பேர் கொடுத்தது தப்பு, இனிமேல் செய்ய மாட்டேன் என்று சொல். உடனே நம்ப மாட்டான். பரவாயில்லை, சந்தைநாளில் பஸ் ஏறு. யாராவது என்ன விஷயம் என்று கேட்டால், தம்பிக்கு உடம்பு சரியில்லை, டாக்டரைப் பார்க்க வந்தோம் என்று சொல். சீட்டு எழுதுகிற இடத்தில் பேர் என்ன என்று கேட்பார்கள். நீ வாயைத் திறக்காதே, அவன் சொல்லட்டும்.